தாடி நனைந்த கல் ஆடு

வங்காள விரிகுடாவில் இன்றைக்கு இருக்கும் தண்ணீரில் பாதி நான் ஊற்றியது. சந்தேகம் இருப்பவர்கள் திருவொற்றியூருக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம். மழைத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ரூமில் முப்பத்து நான்கு வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். மழை பெய்யும், தெரு நிரம்பும், ஜனங்கள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு "அப்பாவு எங்கே, அப்பாவு எங்கே" என்று தேடுவார்கள். நான் போய் சுவிட்சைத் தட்டுவேன். தண்ணீர் என் முகத்தைப் பார்த்ததும் பாதி பயத்திலேயே கடலுக்கு ஓடிவிடும், மீதியைத்தான் மோட்டார் இழுக்கும்.

ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. கை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எங்கேயாவது தண்ணீர் தேங்கி நின்றால் குச்சியோ கம்பியோ எடுத்து அதற்கு ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் மறுவேலை. போன வைகாசியில் ஒரு கல்யாணத்தில் கை கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டது. பட்டுச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நான் அடைப்பை எடுத்த அழகைப் பார்த்து, மாப்பிள்ளையை விட்டுவிட்டு வீடியோக்காரர் என்னைப் படம் பிடித்தார்.

என் வீட்டுக்காரி கெங்கம்மாவுக்கு ஐப்பசி பிறந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். காரணம் ஈரம். எங்கள் வீட்டுச் சுவரில் அந்த மாதங்களில் தூண்டில் போட்டால் மீன் மாட்டும். போன வருஷம் முட்டி ரொம்பப் படுத்தியதால் ராயபுரத்துக்குப் போய் ராசையாவிடம் யோசனை கேட்டேன். கருப்பட்டி, மிளகாய் வற்றல், அடுப்புக்கரி மூன்றிலும் மொத்த வியாபாரம் செய்கிறவன் ராசையா, தெற்கத்திக்காரன், எனக்கு முப்பது வருஷத் தோஸ்து.

"ஈரமே இல்லாத ஊரு எதுனா சொல்லு மாமு," என்றேன்.

"எங்க ஊருக்குப் போரும் வே. செம்பொட்டல். அங்க எச்சியத் துப்புனா தரைக்கு வராது, வழியிலயே காஞ்சிரும்."

"தங்கறதுக்கு எடம்?"

"தங்கச்சி ஞானசெல்வி இருக்கால்லா. மாப்பிள்ளை கப்பல்ல சமையல்காரரு, வருசத்துக்கு ஒருக்கதான் தலையக் காட்டுவாரு. வீடு சும்மாதான் கெடக்கு. ஆனா ஒண்ணு, அவ இப்ப பேரூராட்சித் தலைவர். அங்க போயி வாயக் கட்டிக்கிட்டு இருப்பீரா?"

"கட்டிக்கினு இருப்பேன்."

கையைப் பற்றி அவன் கேட்கவில்லை. தப்பு அங்கேதான் நடந்தது.

கோவில்பட்டியில் ரயிலை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வாயாடியான என்னையே வாயடைக்கவைத்த முதல் ஊர் செம்பொட்டல்தான். அங்கே சூரியன் இரண்டு. ஒன்று மேலே இருக்கும், இன்னொன்று தரைக்குள் இருந்து அடிக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு நிழல்கூட வெளியே நிற்காமல் வீட்டுக்குள் போய்விடும். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை சீமைக் கருவேல முள். அதற்கு நடுவே ஒரு மாதா கோயில், ஓர் அம்மன் கோயில், பேரூராட்சி அலுவலகம், மூன்று புரோட்டா கடை, அவர்கள் ஆபீஸ் என்று சொல்லும் தீப்பெட்டித் தொழிற்கூடம் இரண்டு. ஆள் ஆறாயிரம், ஆடு இருபதாயிரம். வீட்டுக்கு வீடு வாசலில் ஆடுதான் வந்து "யாரு" என்று பார்க்கும், அப்புறம்தான் ஆள் வரும்.

இந்த வறட்டுக் கட்டாந்தரையில் எதை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று முதல் நாளே நான் குழம்பிவிட்டேன். ஞானசெல்வி என்னையும் கெங்கம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டினாள். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, நடந்தால் நமக்கு மூச்சு வாங்கும். ஊருக்கு வெளியே சிலுவையம்மாள் என்ற அம்மாள் கரி மூட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். முள்ளை வெட்டி அடுக்கி, வைக்கோலால் மூடி, மேலே மண் பூசி, ஒரு ஓட்டை வழியாகத் தீயை உள்ளே விடுகிறார்கள். ஒரு வாரம் அது உள்ளுக்குள்ளேயே புகைந்து கரியாகிறது. ராயபுரத்தில் சாயங்காலம் கம்பியில் கறி சுடும் கடைகளில் நான் நின்று ஊதித் தின்றிருக்கிறேனே, அந்தக் கங்கு இந்த அம்மாள் கையில் பிறந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாருக்கும் வேண்டாத முள் அங்கே அறுவடை. காய்ந்த தரையில் காய்ந்துகொண்டே வளரும் மிளகாய் ஒரு வரும்படி, பனை ஒரு வரும்படி, ஆடு ஒரு வரும்படி. சும்மா கிடக்கும் ஒரு பொருளை அந்த ஊரில் என்னால் பார்க்கவே முடியவில்லை. என்னைத் தவிர.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் அசந்து உட்கார்ந்துவிட்டேன். ஞானசெல்வி வீட்டில் ஒரு குடம் தண்ணீர் ஏழு வேலை பார்க்கிறது. அரிசி கழுவிய தண்ணீர் ஆட்டுக்கு. காய் கழுவிய தண்ணீரில் பாத்திரத்தின் முதல் கழுவல். பாத்திரத் தண்ணீர் முருங்கைக்கு. நான் குளித்த தண்ணீர் ஓர் ஓடு வழியாகக் கத்தரிச் செடிக்குப் போகிறது. மூன்றாம் நாள் அந்தக் கத்தரிக்காயில் குழம்பு வைத்துப் போட்டாள்.

"இது நீங்க குளிச்ச காய் அண்ணாச்சி," என்றாள்.

"அதான் கொஞ்சம் கொழுப்பா கீது," என்றாள் கெங்கம்மா.

ஊருக்குக் குடிக்க இருப்பது ஒரே ஊருணி. செருப்பு போட்டுக்கொண்டு அதன் கரையில்கூட ஏற முடியாது. காலை நனைத்தால் ஊரே சண்டைக்கு வரும். நிலத்தடித் தண்ணீர் முழுக்க உப்பு. வருஷத்தில் இரண்டு மூன்று மழை, அதுவும் கார்த்திகையோடு சரி. அந்த மழை தெருத் தெருவாக ஓடி, வாய்க்காலில் சேர்ந்து ஊருணிக்குப் போனால்தான் அடுத்த வருஷம்வரை ஊருக்குத் தொண்டை நனையும்.

ஊருணியின் உள்சுவரில் ஒரு கல் ஆடு தலையை நீட்டிக்கொண்டிருக்கும். எந்தக் காலத்தில் யார் செதுக்கியது என்று தெரியாது. கொம்பு உடைந்திருக்கும், தாடி மட்டும் அழகாக இருக்கும். தண்ணீர் ஏறி அந்த ஆட்டின் வாயைத் தொட்டால் "ஆடு குடிச்சிட்டு" என்பார்கள். ஒரு வருஷத்துக்குப் போதுமான தண்ணீர் வந்துவிட்டது என்று கணக்கு. ஆடு குடித்த செய்தி வந்த பிறகுதான் கல்யாணத் தேதி வைப்பார்கள், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டுவார்கள், கடன் கேட்டால் யோசிக்காமல் தருவார்கள். ஆடு குடிக்காத வருஷம் வீட்டு ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வழியில்லாமல் எல்லோரும் ஒரே வியாழக்கிழமைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள், விலை தரையில் கிடக்கும். ஒரு கல் ஆட்டின் வாய் இருபதாயிரம் உயிருள்ள ஆட்டுக்கு விலை வைக்கிறது. எங்கள் துறைமுகத்தில் எத்தனையோ கப்பலை நகர்த்திய பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆட்டின் முன்னால் அவர்களெல்லாம் தூசு.

இந்த ஆட்டை நம்பித்தான் ஞானசெல்வியின் பதவியே தொங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுத் தெருக்கோடியில் மழைத் தண்ணீர் எப்போதும் காட்டோடையில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்ததாம். கோடையில் அவள் வீடு வீடாகப் போய் ஆளுக்கு ஒரு கூடை களிமண் கேட்டு வாங்கி, பனந்தடியை உள்ளே போட்டு, அந்த இடத்தில் குறுக்கே ஒரு மண்கரை எழுப்பினாள். இனி அந்தத் தண்ணீர் திரும்பி வாய்க்காலுக்குப் போகும், ஊருணிக்குச் சேரும். கவுன்சிலர் டென்னிஸ் என்பவர் முன்னாள் தலைவர். தண்ணீர் லாரி வைத்திருப்பவர். "இந்தக் கரை ஒரு மழை தாங்காது" என்று மன்றக் கூட்டத்தில் அவர் சொல்ல, இவள் எழுந்து, "கார்த்திகை முடியறதுக்குள்ள ஆடு குடிக்கலைன்னா நாற்காலிய விட்டு எறங்கிருதேன்" என்று இரண்டு கோயில் சாமி பெயரையும் சொல்லிச் சத்தியம் பண்ணிவிட்டாள். ஊரில் பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கும் தெரியும். நான்கு முறை சொல்லியிருக்கிறாள். அந்தக் கரையை இரண்டு முறை கூட்டிப் போய்த் தொட்டுக் காட்டியிருக்கிறாள்.

கார்த்திகை பன்னிரண்டாம் தேதி மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு. நான் நூற்றுப் பத்து கிலோ, சாப்பிட்ட பிறகு நூற்றுப் பதினைந்து. படுத்தவன் அப்படியே கட்டிலோடு சேர்ந்துவிட்டேன். மழை வந்தது தெரியாது. ஊரே எழுந்து ஊருணிக்கு ஓடியதும், கெங்கம்மா முட்டி வலியை மறந்து அவர்களோடு ஓடியதும் தெரியாது. விழித்தபோது கேட்டது அந்தச் சத்தம்தான். தெருவில் தண்ணீர் ஏறும் சத்தம். முப்பத்து நான்கு வருஷம் கேட்ட சத்தம்.

தலை தூங்கிக்கொண்டிருந்தது, கை எழுந்துவிட்டது. வெளியே வந்தேன். தெருக்கோடியில் தொடை அளவு தண்ணீர் நிற்கிறது. குறுக்கே ஏதோ மண் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாசல் மூலையில் கடப்பாரை சாய்த்து வைத்திருக்கிறது. மிச்சத்தை என் கை பார்த்துக்கொண்டது. அது லேசான கரை இல்லை. எட்டு நிமிஷம், என் வாழ்நாளில் எந்த அடைப்பும் என்னிடம் அவ்வளவு நேரம் நின்றதில்லை. ஒன்பதாவது நிமிஷம் பனந்தடி ஒன்று புரண்டது, தண்ணீர் ஒரு யானைக் கூட்டம்போலக் காட்டோடையில் பாய்ந்தது. தெரு வடிந்தது. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, யாராவது பார்த்துப் பாராட்ட மாட்டார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன்.

கெங்கம்மாதான் வந்தாள். முக்காடு நனைந்து, மூச்சு இரைக்க.

"யோவ், ஊருணிக்கு வந்துகினு இருந்த தண்ணி திடீர்னு நின்னுபோச்சு. இங்க இன்னா…"

மீதியை அவள் சொல்லவில்லை. என் கையில் கடப்பாரை, எதிரே உடைப்பு. அவள் பார்த்த பார்வையில்தான் என் தலை விழித்தது.

கடப்பாரையை எங்கே எறிந்தேன் என்று தெரியாது. போய் அந்த உடைப்பில் உட்கார்ந்தேன். நூற்றுப் பதினைந்து கிலோவும் உட்கார்ந்தது. கடவுள் என்னை இந்த அகலத்தில் படைத்ததற்கு அறுபத்தேழு வருஷம் காரணம் தெரியாமல் இருந்தேன், அன்றைக்குத் தெரிந்தது. தண்ணீர் முதுகில் வந்து மோதி, யோசித்து, ஏறத் தொடங்கியது. இடுப்பு, மார்பு, கழுத்து. பக்கத்தில் இருந்த இடுக்குகளில் கெங்கம்மா ஞானசெல்வி வீட்டுப் பாய், தலையணை, என் வேட்டி எல்லாவற்றையும் அடைத்தாள்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து உருப்படியா ஒரு எடத்துல நீ உக்காந்தது இதான்யா," என்றாள். அவள் அழுகிறாளா, மழையா என்று தெரியவில்லை.

அதற்குள் ஊர் வந்துவிட்டது. கரி அள்ளும் காலிச் சாக்குகளில் மண்ணை நிரப்பி என்னைச் சுற்றி அடுக்கினார்கள். சிலுவையம்மாள் மட்டும் முப்பது சாக்கு சுமந்திருப்பாள். கரித்தூள் கரைந்து நானும் கரி மூட்டம்போல ஆகிவிட்டேன். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கரை உடைந்தது, கெட்டிக்கார விருந்தாளி உட்கார்ந்து அடைத்தார், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மழை விட்டது. ஊருணிப் பக்கமிருந்து செய்தி வந்தது.

கல் ஆட்டின் தாடி நனைந்திருந்தது. வாய் நனையவில்லை. நடுவில் நான்கு விரல்.

மறுநாள் காலை பேரூராட்சி மன்றத்தில் சிறப்புக் கூட்டம். உள்ளே கொள்ளாமல் ஜன்னல் கம்பியெல்லாம் முகம். முதல் தீர்மானம் எனக்கு நன்றி. டென்னிஸ் எழுந்து வந்து தன் கையாலேயே எனக்குச் சால்வை போர்த்தினார். உயரமான மனிதர், கட்டைக் குரல், கண்ணில் எப்போதும் ஒரு நையாண்டி.

"கரை கட்டத் தெரியலைன்னாலும் கரையா உக்காரத் தெரிஞ்ச ஆளு மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காருல்லா," என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். எனக்கு அந்தக் கைதட்டல் கொஞ்சம் பிடித்தும் இருந்தது, மறைப்பானேன்.

பிறகு அவர் ஞானசெல்வி பக்கம் திரும்பினார். "தலைவர் தப்பா நெனைக்கக் கூடாது. ஒரு மழை தாங்காதுன்னு சொன்னேன், தாங்கல. வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு குடுத்தவங்க கேக்காங்க. இந்தக் கரைய நம்பி இன்னும் காத்திருக்கணுமா?"

ஞானசெல்வி கைப்பையைத் திறந்தாள். நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அதன் பக்கத்தில் அலுவலகச் சாவியை வைத்தாள். முதல் நாள் ராத்திரியே எழுதி வைத்திருக்கிறாள். அந்தக் காகிதம் பறக்காமல் இருக்கப் பேப்பர் வெயிட்டைத் தேடி அவள் கை மேசைமேல் தடவியதைப் பார்த்ததும் சால்வை எனக்கு அனலாகக் கொதித்தது. திரும்பிப் பார்த்தேன். கெங்கம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டினால் தாங்குவேன், தரையைப் பார்த்தால் தாங்க மாட்டேன்.

"கரை உடையல சார்," என்றேன். "நான்தான் உடைச்சேன்."

ஜன்னல் முகமெல்லாம் கம்பிக்குள் நுழையப் பார்த்தது.

"என்ன சொல்லுதீரு?" என்றார் டென்னிஸ்.

"கடப்பாரை போட்டு இடிச்சேன். எட்டு நிமிசம் ஆச்சு. அப்படி ஒரு கெட்டிக் கரைய நான் பார்த்ததே இல்ல."

"எதுக்கு வே?"

"தண்ணி நின்னுகினு இருந்துச்சு. நின்னா வெட்டி வுடணும். முப்பத்தி நாலு வருசம் அதான் என் வேலை."

டென்னிஸ் நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். நான் அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"வெட்டி எங்க விடுவிய?"

"கடல்ல."

"எந்தத் தண்ணிய?"

"மழைத் தண்ணிய."

"நல்ல தண்ணிய. குடிக்கிற தண்ணிய."

"ஆமா."

"அதுக்குச் சம்பளம் குடுத்தாங்களா?"

"பென்சனும் குடுக்கறாங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் ஊரில் சொன்னால் சால்வை கிடைக்கும் கணக்கு, அங்கே சாவு விழுந்த வீடுபோல ஆகிவிட்டது. ஒருவர் மெல்ல, "ஒரு மழைக்கு எவ்வளவு தண்ணி இருக்கும்?" என்று கேட்டார். நான் வழக்கமாகப் பத்தால் பெருக்கிச் சொல்கிறவன், அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்கே பின்வரிசையில் ஒரு பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

சிலுவையம்மாள்தான் வாசலில் இருந்து பேசினாள். "அந்த மனுசன ஒண்ணும் சொல்லாதிய. முப்பத்தி நாலு வருசம் அம்புட்டுத் தண்ணியும் கண்ணு முன்னால ஓடிப் போறதப் பாத்துக்கிட்டு நின்னிருக்கான். நெஞ்சு எப்படித்தான் தாங்குச்சோ."

என்னைப் பார்த்து இதுவரை யாரும் பாவப்பட்டதில்லை. புதிதாக இருந்தது.

டென்னிஸ் எழுந்தார். சால்வையை என் தோளில் இருந்து எடுத்து மடித்து மேசைமேல் வைத்தார். "எட்டு நிமிசம் கடப்பாரைய வாங்குன கரையக் குத்தம் சொல்ல முடியாது. நான் சொன்னதத் திரும்ப எடுத்துக்கிடுதேன். ஆனா ஆடு குடிக்கலைங்கிறது குடிக்கலைதான். கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கு. கடுதாசி அதுவரைக்கும் மேசைல கெடக்கட்டும்." பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "ஊருணித் தண்ணிய வீணாக்கினவன் அடுத்த மழை வர்ற வரைக்கும் கரையில காவல் நிக்கணும். அது இங்க உள்ள வழக்கம். ஊருக்குப் போயிராதேயும்."

போகும் எண்ணம் எனக்கும் இல்லை. உடைப்பை அடைத்தோம், நானே களிமண் மிதித்தேன். ஆனால் என் உடைப்பில் கரைந்த மண், தண்ணீர் திரும்பி ஏறியபோது வாய்க்காலின் வாயில் மேடாகப் படிந்து, காய்ந்து இறுகிவிட்டது. எவ்வளவு வெட்டியும் அந்த மேடு முழுதாகப் போகவில்லை. இனி தண்ணீர் முன்னைவிட ஒரு முழம் உயரமாக நின்றால்தான் வாய்க்காலுக்குள் திரும்பும் என்றார்கள். அதன்படி கரையை ஒரு முழம் உயர்த்தினோம்.

அப்புறம் வானம் பார்த்தோம். செம்பொட்டல் வானம் பார்க்கிற மாதிரி நான் சினிமாகூடப் பார்த்ததில்லை. ஒரு நாள், இரண்டு நாள், பத்து நாள். நீலம், சுத்தமான நீலம், ஒரு கறை இல்லை. நடுவில் திருவொற்றியூரில் இருந்து பக்கத்து வீட்டு சுஃபியான் போன் பண்ணினான்.

"இன்னா நைனா, இங்க தெருவுல இடுப்பளவு தண்ணி. நீ எங்க போய் உக்காந்துகினு கீற?"

"அதுல நாலு விரல் மட்டும் எனக்கு அனுப்ப முடியுமா சுஃபி?"

"பேஜாரு பண்ணாத," என்று வைத்துவிட்டான்.

வியாழக்கிழமைச் சந்தைக்கு வெளியூர் வியாபாரிகள் வந்தார்கள். லாரியை நிறுத்திவிட்டு நேரே சந்தைக்கு வரவில்லை. முதலில் ஊருணிக்குப் போய் கல் ஆட்டைப் பார்த்தார்கள். தாடிதான் நனைந்திருக்கிறது என்று கண்டுகொண்டு, சிரித்துக்கொண்டு வந்தார்கள். துண்டுக்கு அடியில் கையைப் பிடித்து விரலால் விலை பேசுவது அங்கே வழக்கம். அன்றைக்குத் துண்டுக்கு அடியில் இருந்து கையை உருவிக்கொண்ட முகங்களைப் பார்த்தேன். விலை பாதி. சிலுவையம்மாள் தன் நான்கு ஆட்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு மதியம்வரை நின்றாள். பிறகு திரும்பிப் போகக் கிளம்பினாள்.

"விக்கலியாம்மா?" என்றேன்.

"தாடி நனஞ்சிருக்குல்லா. வாயும் நனையும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கரையப் பாத்துக்கிடும்," என்றாள். அதற்குப் பிறகு நான் சாப்பாட்டைக்கூடக் கரைக்கு வரவழைத்துத்தான் தின்றேன்.

கார்த்திகையின் கடைசி நாள். காலை பத்து மணிக்குக் கிழக்கே ஒரு கறுப்பு. உள்ளங்கை அளவு. பதினொன்றரைக்கு அது ஊர்மேல் நின்றது. ஞானசெல்வி குடை இல்லாமல் வந்தாள், தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. கை."

நானே இரண்டு கையையும் பின்னால் கொடுத்தேன். கெங்கம்மா கட்டினாள், முடிச்சில் நாற்பது வருஷக் கோபத்தையும் சேர்த்துக் கட்டினாள்.

மழை பெரியதில்லை. திருவொற்றியூரில் அதை மழை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெருத் தெருவாகத் தண்ணீர் ஓடி வந்து கரையில் முட்டி நின்றது. முழங்கால் ஆனது. வாய்க்காலின் மேட்டில் ஏற இன்னும் ஒரு முழம் வேண்டும். தண்ணீர் நின்று, அகலமாகி, பின்னால் பரவியது. பின்னால் இருப்பது ஞானசெல்வியின் வீடு. வாசற்படி முதல் படி போனது, இரண்டாவது படி போனது. என் விரல்கள் துண்டுக்குள் துடித்தன. வீட்டுக்குள் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பாவத்தை நான் செய்ததே இல்லை.

"தங்கச்சி, வூட்டுக்குள்ள போவுது."

"போவட்டும் அண்ணாச்சி."

"அரிசி டிரம்மு, துணி, டிவி எல்லாம் கீதும்மா."

"எல்லாம் மேல ஏத்தியாச்சு. ஏத்தாததுக்கு நீச்சல் தெரியும்." அவள் தன் வீட்டுக் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்து வைத்தாள். விருந்தாளிக்குத் திறக்கிற மாதிரி. தண்ணீர் நிலைப்படியில் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு உள்ளே போனது. கூடம் நிறைந்தது, அடுப்படி நிறைந்தது. வாசலில் கிடந்த அவள் புருஷனின் செருப்பு கூடத்தில் ஒரு சுற்று சுற்றியது. ஞானசெல்வி நடுக்கூடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று, சுவரில் தண்ணீர் ஏறும் அளவை விரலால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது, எந்தச் சாமியிடம் என்று தெரியாது, இரண்டிடமும் இருக்கலாம்.

கடலையே நிரப்பியவன் நான். அந்த அளவுக்கு யாரும் தண்ணீருக்கு மரியாதை செய்து பார்த்ததில்லை. தண்ணீரோடு நானும் உள்ளே போய் அவள் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கெங்கம்மா பக்கத்தில் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து நாலு பக்கமும் பார்த்தாள்.

"இப்பத்தான்யா நம்ம வூட்டுல கீற மாதிரி கீது," என்றாள்.

வெளியே வாய்க்காலின் வாயில் ஒரு களக் என்ற சத்தம். தண்ணீர் மேட்டைத் தாண்டிவிட்டது. சேற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஊருணிப் பக்கம் ஓடும் சத்தம் கேட்டது. மழை மெலிந்தது, சொட்டாகியது, நின்றது. ஊருணிப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் ஆயிரம்வரை எண்ணினேன், சரியாகச் சொன்னால் அறுபதுவரை.

டென்னிஸ்தான் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருத் தண்ணீரில் இருந்து வீட்டுத் தண்ணீருக்குள் வாசற்படி தெரியாமல் தடுக்கி உள்ளே வந்தார். முழுக்க நனைந்திருந்தார். ஞானசெல்வியைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார், சுவரில் ஏறி நின்ற ஈரக்கோட்டைப் பார்த்தார். லாரிக்காரருக்கு ஒரு வருஷ வியாபாரம் போன செய்தியை அவரே சுமந்து வந்திருந்தார்.

"குடிச்சிட்டு," என்றார். "வாயும் நனஞ்சு மூக்கும் நனஞ்சிட்டு. சிலுவையம்மா, கல் ஆட்டுக்கு மூச்சு முட்டுமேன்னு அழுதுக்கிட்டு நிக்கா."

ஞானசெல்வி சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து மெல்லச் சரிந்து தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். டென்னிஸ் சட்டைப்பைக்குள் கை விட்டு, மன்ற மேசையில் இருந்து எடுத்து வந்த, நான்காக மடித்து ஊறிப்போன அந்தக் காகிதத்தை எடுத்தார். பிரிக்கப் பார்த்தார், கூழாக வந்தது. முருங்கை மரத்தடியில் போட்டுவிட்டு வந்தார். அந்த ஊரில் எதுவும் வீணாகாது.

பிறகு என் பின்னால் வந்து துண்டின் முடிச்சில் கை வைத்தார்.

"காவல் முடிஞ்சிட்டு வே. இனி கைய விட்டிரலாம்லா."

நான் கூடத்தைப் பார்த்தேன். சுவருக்குச் சுவர், கரிய, குளிர்ந்த, அசையாத தண்ணீர். வாசல் மூலையில் பழையபடி சாய்த்து வைத்திருந்த கடப்பாரையும் கண்ணில் பட்டது.

"வேணாம் சார்," என்றேன். "கொஞ்ச நேரம் கட்டியே இருக்கட்டும். தண்ணி இன்னும் நின்னுகினுதான் கீது."